எந்த வீட்டுப் பொண்ணு?

கி.ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலில் வழக்கு பருத்திக் காட்டில் தொடங்குகிறது. கிடை ஆடுகள் ஒருவருடைய புஞ்சையில் விழுந்து வெள்ளாமையை அழித்துவிட்டன. காவலுக்கு நின்றவர்கள் எங்கே போனார்கள்? ஊர் கூடுகிறது. தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் கரிசல் மண்ணில் காலடிகளைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் ஓர் இளைஞனும் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணும் சேர்ந்திருந்தார்கள் என்பது மெல்லத் தெரிய வருகிறது. இருவரும் ஒரே சாதி இல்லை. அவள் தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவள். அது தெரிந்த பிறகும் பெரியவர்களின் பேச்சு அழிந்த பருத்தியைத் தாண்டிப் போவதில்லை. கடைசியில் ஒரு பக்கம் அவனுக்குச் சொந்தத்தில் கல்யாணம் நடக்கிறது. இன்னொரு பக்கம் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று கோடாங்கியை வைத்து ஓட்டுகிறார்கள்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் இருந்துகொண்டு கி.ரா. எழுதிய கதை இது. 2003-ல் அம்ஷன் குமார் இதை ‘ஒருத்தி’ என்ற பெயரில் படமாக்கினார். தமிழ் சினிமாவில் காமத்தைப் பற்றி ஒரு சண்டை கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்க்கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வழக்கு எப்போதும் வேறு ஏதோ ஒன்றின் பேரில்தான் பதிவாகும்: ஆபாசம், பண்பாடு, சமூகத்தின் மனம் புண்பட்டது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். அத்தனைக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி. ஆசைப்பட்டவள் எந்த வீட்டுப் பொண்ணு, யாரைக் கேட்டு ஆசைப்பட்டாள்?

இதைப் பேச கழுகுமலையை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கோவில்பட்டியிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போனால், சமதரையாக விரிந்து கிடக்கும் கரிசலுக்கு நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் மலை. மலைமேல் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவில் இருக்கிறது. முடிக்கப்படாமலே நின்றுபோன வேலை. அதன் விமானத்தில் சிவனும் உமையும் அருகருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். தெற்குப் பக்கத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சமணர்களின் பாறை. வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஆசையை அறவே விட்டவர்கள். பல உருவங்களின் கீழே அவற்றைச் செய்வித்தவர் யார், யார் நினைவாகச் செய்தார் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் குரத்தியர் என்ற பெண் துறவிகளும் வருகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆசிரியையாக இருந்தவர்கள். வீடு வேண்டாம், உறவு வேண்டாம் என்று ஒரு பெண் தானே முடிவெடுத்ததை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர் கல்லில் பதிந்து வைத்திருக்கிறது. வேண்டாம் என்பதற்குக் கிடைத்த அந்த மரியாதை, வேண்டும் என்று சொன்னவளுக்குக் கிடைத்ததா?

மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவடிச் சிந்து பாடியது இந்த முருகனுக்காகத்தான். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்தவர், இளம் வயதிலேயே இறந்துபோனவர். காவடி தூக்கி மலைப்பாதையில் ஆடிவருகிறவன் பாட வேண்டிய பாட்டில் அவர் தயக்கமே இல்லாமல் சிருங்காரத்தைக் கொண்டுவந்தார். விரகத்தில் வாடும் தலைவியும் தோழியும் தூதும் அதில் உண்டு. பெண்ணின் அழகை அங்கம் அங்கமாகச் சொல்லும் அடிகளும் உண்டு. பங்குனி உத்திரக் கூட்டத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் பெண்டுகளும் நிற்க, பாட்டு போய்க்கொண்டிருக்கும். முகம் சுளித்தவர் யாரும் இல்லை.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, நம் முன்னோர் எவ்வளவு தாராளமாக இருந்தார்கள் என்று எழுதுவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். காவடிச் சிந்தின் தலைவி ஏங்குவது முருகனுக்காக. அந்த ஏக்கத்தை எழுதியவர் ஓர் ஆண். பாடுகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள். இந்த மூன்று வேலிகளுக்குள் பெண்ணின் ஆசை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். தமிழ் சினிமா இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. எழுபது, எண்பது வருடங்களாக நம் படங்களில் பெண்ணின் உடல் தாபம் வெளிப்பட்டது பாட்டில்தான். ஆண் கவிஞர் எழுதி, ஆண் இசையமைப்பாளர் மெட்டமைத்து, கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு வாயசைப்பாள். அந்தப் பாட்டுகள் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கோயில் கொடையிலும் கூசாமல் ஒலிக்கும். அதே ஆசையைப் பாட்டு முடிந்ததும் ஒரு வசனமாக, நல்ல நிதானத்தில், பகல் வெளிச்சத்தில் அவள் சொல்லட்டும். அன்றைக்குத் தொடங்கும் பிரச்சினை.

பழைய கதையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘பொன்முடி’ படத்தின் காதல் காட்சிகள் நெருக்கமாக இருந்தனவென்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. அந்தப் படம் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஏட்டில் படித்தவர்களுக்கு உறுத்தாதது திரையில் உறுத்தியது. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர் என்பதால் பழி போடவும் ஆள் கிடைத்தார்.

1973-ல் வந்த கே.பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ இன்னும் ஆழமாகக் கீறியது. ஆசாரமான ஏழைப் பிராமணக் குடும்பம், வரிசையாகப் பிள்ளைகள், அவர்களைக் கரைசேர்க்க உடலை விற்கும் மூத்த மகளாகப் பிரமீளா. படத்தில் காமத்தை விட வறுமைதான் அதிகம். ஆனாலும் எதிர்ப்பு வந்தது, அதுவும் அவளை ஏன் அந்தச் சாதியில் பிறந்தவளாகக் காட்டினீர்கள் என்று வந்தது. வேறு சாதிப் பெயரோடு அதே பெண் அதே காரியத்தைச் செய்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது என்றுதானே அதற்குப் பொருள்? படத்தின் முடிவில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. பாலசந்தர் துணிச்சலான இயக்குநர். அவருக்குமே அவளைத் தெளிந்த அறிவோடு வீட்டை விட்டு அனுப்ப வழி கிடைக்கவில்லை. கி.ராவின் கதையில் ஊர் அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னது. சினிமா அதையே பைத்தியம் என்று சொன்னது.

சர்ச்சை எழுந்தாலே அது நல்ல படம் என்று சொல்கிறவன் இல்லை நான். 2010-ல் வந்த ‘சிந்து சமவெளி’ மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையிலான உறவைக் காட்டியதற்காகப் போராட்டத்தைச் சந்தித்தது. அந்தப் படத்தில் மருமகள் என்ன நினைக்கிறாள் என்பதை விட அவள் எப்படித் தெரிகிறாள் என்பதில்தான் கேமராவுக்கு அக்கறை. காமத்தைக் காட்டுவதற்கும் பெண்ணைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கேமரா அவளைப் பார்க்கிறதா, அவள் பார்க்கிற திசையில் பார்க்கிறதா? முதல் வகைப் படங்களைப் பெண்கள் இயக்கங்கள் எதிர்க்கும்போது நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் தெருவுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் முதல் வகையை மன்னித்துவிடுகிறது. இரண்டாவது வகைக்குத்தான் கொடி பிடிக்கிறது.

2025 ஜனவரி 26 அன்று ‘பேட் கேர்ள்’ படத்தின் முன்னோட்டம் வெளியானது. வர்ஷா பரத் இயக்கிய முதல் படம். வெற்றிமாறனும் அனுராக் காஷ்யப்பும் பின்னணியில் இருந்தார்கள். ரம்யா என்ற பெண் பள்ளிக்கூடத்திலிருந்து முப்பதைத் தாண்டும் வரை யாரை விரும்பினாள், எதில் தோற்றாள் என்பதுதான் கதை. அம்மா அதே பள்ளியில் ஆசிரியை. வீட்டில் பாட்டி. ரம்யாவாக அஞ்சலி சிவராமன் நடித்தார். முன்னோட்டம் வெளியான சில மணி நேரத்திலேயே எதிர்ப்பு கிளம்பியது. அவள் பிராமணப் பெண்ணாக இருக்கிறாளே, உங்கள் சாதிப் பெண்ணை இப்படிக் காட்டுவீர்களா என்று தயாரிப்பாளரைப் பார்த்துக் கேட்டார்கள். ‘அரங்கேற்ற’த்துக்கும் இதற்கும் ஐம்பத்திரண்டு வருட இடைவெளி. கேள்வியில் ஒரு சொல் கூட மாறவில்லை.

அந்தக் கேள்விக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சாதியைக் கேலிப்பொருளாக்குவது சினிமாவில் சுலபமாக நடக்கிறது. ஆனால் ‘உங்கள் வீட்டுப் பெண்ணைக் காட்டு’ என்று கேட்பவர், பெண் என்பவள் வீட்டுக்கும் சாதிக்கும் சொந்தமான சொத்து என்பதை முதலில் ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறார். எந்தச் சாதிக்காரர் கேட்டாலும் அந்தக் கேள்வி அதேதான். எங்கள் பகுதியில் அந்தக் கேள்வியை அரிவாளோடு கேட்கிறார்கள். சேரனின் ‘பாரதி கண்ணம்மா’ 1997-ல் தென் மாவட்டங்களில் சர்ச்சையானதும் ஒரு மேல்சாதிப் பெண் வேலைக்காரனை விரும்பினாள் என்பதற்காகத்தான். அந்தப் படத்தில் உடல் நெருக்கம் என்று சொல்ல ஒரு காட்சி கூட இல்லை. ஆபாசம் என்ற சாக்கு இல்லாதபோது உண்மையான காரணம் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

‘பேட் கேர்ள்’ விவகாரம் பிறகு வேறு பாதையில் போனது. முன்னோட்டத்தில் சிறார்களைப் பாலியல் ரீதியாகச் சித்தரித்திருக்கிறார்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுக்கள் வந்தன. கழுகுமலைக்காரன் ஒரு வழக்குப் போட்டாலும் அங்கேதான் போக வேண்டும். ஜூலையில் முன்னோட்டத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவானது. 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான யுஏ சான்றிதழோடு செப்டம்பர் 5 அன்று படம் திரைக்கு வந்தது. குழந்தைகளைக் காக்கும் சட்டம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும். 2012-ன் போக்சோ சட்டத்தில் ஓட்டை போடும் எந்த வாதத்தையும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் பள்ளி வயதுப் பெண்ணைச் சுற்றிக் காதலும் காமமும் பின்னுவது தமிழ் சினிமாவுக்குப் புதிதா என்ன? 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. 2002-ல் ‘துள்ளுவதோ இளமை’ பள்ளி மாணவர்களின் கிளர்ச்சியையே மூலதனமாக வைத்து வசூலில் வென்றது. அந்தப் படங்களில் பெண்ணின் வயதைப் பற்றி எழாத கவலை, ஒரு பெண் இயக்குநர் அதே வயதின் மனதை உள்ளிருந்து சொல்லும்போது மட்டும் எழுந்ததை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

திரையில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நடிகை குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். 2005-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றியும் பெண்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டியதைப் பற்றியும் அவர் சொந்தக் குரலில் பேசினார். துடைப்பமும் செருப்புமாகப் போராட்டம் நடந்தது. தமிழ்நாட்டின் பல ஊர் நீதிமன்றங்களில் இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்யும் வரை ஐந்து வருடம் இழுத்தது. பாட்டில் ஆடியவரைக் கும்பிட்ட ஊர், அவர் பேசியதும் கூண்டில் ஏற்றியது.

ஆணின் ஆசைக்கு இந்த விசாரணை கிடையாது. பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னாலேயே போகிறவன்தான் முப்பது வருடமாக நம் கதாநாயகன். பேருந்து நிறுத்தம், கல்லூரி வாசல், கோயில் பிராகாரம் என்று எங்கும் தொடர்வான். இடைவேளைக்குப் பிறகு அவள் சிரிப்பாள். 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, இந்தக் காட்சிகளுக்கும் பொறுப்பு இல்லையா என்று கொஞ்ச நாள் பேசினோம். எந்தச் சாதிச் சங்கமும் ‘எங்கள் வீட்டுப் பையனை ஏன் இப்படிக் காட்டினீர்கள்’ என்று கேட்டு இயக்குநர் வீட்டு வாசலில் நிற்கவில்லை.

நல்ல படங்களும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ நான் மிகவும் மதிக்கும் படம். தென்மாவட்டத்துச் சாதியின் முகத்தை அவ்வளவு நெருக்கத்தில் வேறு யாரும் காட்டவில்லை. ஆனால் ஜோதி மகாலட்சுமி என்ற அந்தப் பெண்ணுக்குத் தன்னால் பரியனுக்கு என்ன நடந்தது என்பது கடைசி வரை தெரியாது. அவளுடைய விருப்பம் ஒரு குழந்தையின் பிரியம் போலவே காட்டப்படுகிறது. பார்வையாளர் அவளை வெறுத்துவிடக் கூடாது என்பதற்காக அவளிடமிருந்து உடலையும் அறிவையும் சேர்த்தே எடுத்துவிட்டதாக எனக்குப் படுகிறது. ராமின் ‘பேரன்பு’ இன்னொரு வகை. மூளை முடக்குவாதம் உள்ள வளரிளம் மகளுக்கும் உடல் உண்டு, அதற்கு வேட்கை உண்டு என்பதைத் தந்தை புரிந்துகொள்கிறார். அவளுக்காக ஓர் ஆணை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கப் போய் அறை வாங்குகிறார். தமிழில் இதற்கு முன் யாரும் தொடாத இடம். அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த வேட்கை நம்மிடம் தந்தையாக நடித்த மம்மூட்டியின் கண்ணீர் வழியாக வந்ததும் அதற்கு ஒரு காரணம். ஓர் அப்பா அனுமதித்த ஆசை, அதனால் நாமும் அனுமதித்தோம்.

எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகளில் வேலை செய்யும் பெண்களிடம் சினிமாவைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கட்டை அடுக்கிக்கொண்டே, கை நிற்காமல், ஒரு படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள். கதாநாயகன் செய்வது பொய் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் காட்சியில் அந்தப் பெண் மனதார நின்றாள், எதில் இயக்குநர் சொன்னதற்காக நின்றாள் என்று சொல்லிவிடுவார்கள். ‘அவளுக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு ஒருத்தனும் கேக்கல, பாத்தியா’ என்று ஓர் அக்கா சொன்னதை நான் பல விமர்சனக் கட்டுரைகளுக்கு மேலாக வைப்பேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் எத்தனை துணிச்சல், எத்தனை கேலி! கி.ரா.வும் கழனியூரனும் தேடித் தொகுத்த மறைவாய்ச் சொன்ன கதைகள் இப்படிப்பட்ட வாய்களிலிருந்து வந்தவைதான். களையெடுப்பிலும் பருத்தி எடுப்பிலும் பெண்கள் சொல்லிச் சிரித்த கதைகள் அவை. காமத்தைப் பற்றிப் பேசத் தெரியாத சமூகம் இல்லை இது. மைக் முன்னால் வந்ததும் ஊமையாகிவிடும் சமூகம். மைக்கைக் கையில் வைத்திருப்பவர்கள், கலாச்சாரம் என்ற பெயரில் பேசும்போது அந்தப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

தணிக்கை என்று வரும்போதும் கோளாறு இதே இடத்தில்தான். 1952-ன் ஒளிப்பதிவுச் சட்டத்தை வைத்துக்கொண்டு எந்தக் காட்சி எத்தனை நொடி என்று வெட்டுவதில்தான் நம் கவனம் போகிறது. 2017 ஜனவரியில் அலங்கிருதா ஸ்ரீவாஸ்தவாவின் ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ படத்துக்குச் சான்றிதழ் மறுத்த தணிக்கை வாரியம், படம் பெண்களை மையமாகக் கொண்டது என்பதையும் அவர்களுடைய கற்பனைகளைச் சொல்கிறது என்பதையும் காரணங்களாகவே எழுதிக் கொடுத்தது. வழக்கமாக மறைத்துப் பேசுவதை ஓர் அரசு அமைப்பு கடிதத்திலேயே எழுதிவிட்டது. அன்றைக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று இருந்தது. சில மாதங்களில் அது ‘ஏ’ சான்றிதழ் கொடுக்கச் சொன்னது. ஜூலையில் படம் வெளியானது.

அந்தத் தீர்ப்பாயத்தை 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு கலைத்துவிட்டது. இப்போது வாரியத்தின் முடிவை எதிர்க்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வழக்கறிஞர் கட்டணம், அவ்வளவுதான். நகையை அடகு வைத்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி முதல் படம் எடுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, வட்டி ஏறும் ஒவ்வொரு வாரமும் மூச்சு முட்டும். வழக்கு முடிவதற்குள் அவளே கேட்ட இடத்திலெல்லாம் வெட்டிக் கொடுத்துவிடுவாள். 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள்; நல்ல காரியம். வயது வரம்பு வந்த பிறகும் கத்தரிக்கோல் எதற்கு? வாரியத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், பாதிப் பேர் இருந்தால் நல்லது என்று 2024-ன் புதிய விதிகள் சொல்கின்றன. தீர்ப்பாயத்தைத் திரும்பக் கொண்டுவந்து அதற்கும் இந்த விதியைப் பொருத்த வேண்டும். அங்கே உட்கார்கிறவர்களில் ஒருவராவது கோவில்பட்டி, சாத்தூர் மாதிரியான ஊர்களிலிருந்து வர வேண்டும். தீர்ப்பாய அமர்வு நடக்கும் நாளில் அவருக்குப் பயணப்படி கொடுப்பதொன்றும் அரசுக்குப் பெரிய செலவில்லை.